40 நாள் உறைபனி, ஒரு காங்ரி, ஓர் ஊசி: காஷ்மீர் மக்கள் ‘சில்லை கலான்’ குளிரை எப்படிக் கழிக்கிறார்கள்?

டிசம்பர் 21 பிறந்துவிட்டால் காஷ்மீர் பள்ளத்தாக்கில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சுதான்: ‘சில்லை கலான் வந்தாச்சு’. அன்று தொடங்கி ஜனவரி கடைசி வரை நீளும் 40 நாட்கள்தான் அங்கே ஆண்டிலேயே மிகக் கடுமையான குளிர்காலம். ஸ்ரீநகரில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். குழாய்க்குள் தண்ணீர் கட்டியாகிவிடும். தால் ஏரியின் ஓரங்களில் கண்ணாடித் தகடு போலப் பனிக்கட்டி படரும். 2024-ல் சில்லை கலான் தொடங்கிய அன்று ஸ்ரீநகரில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரி செல்சியஸ். டிசம்பர் மாதத்தில் அரை நூற்றாண்டாக அங்கே காணாத குளிர் அது.

சுற்றுலா வீடியோக்களில் இந்த நாட்கள் வேறு மாதிரி தெரியும். பனி போர்த்திய குல்மார்க், சறுக்கு விளையாட்டு, செல்ஃபி, சூடான காவா தேநீர். ஆனால், அங்கேயே வாழ்கிறவர்களுக்கு இது வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் காலம். வயலில் வேலை கிடையாது. பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை. மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இப்படி அடைந்து கிடக்கும் நாட்களோடு காஷ்மீரின் கைவினைகளுக்கு நெருங்கிய உறவு உண்டு. சால்வை, கம்பளம், காகிதக்கூழ் ஓவியம், பிரம்புக் கூடை என்று உலகம் வியந்து பார்க்கும் பல பொருட்கள், குளிருக்கு அஞ்சி மூடிய கதவுகளுக்குப் பின்னால் செய்யப்பட்டவை. கைக்கு வேலை, காதுக்குக் கதை, வயிற்றுக்குச் சூடான சாப்பாடு என்று காஷ்மீரிகள் தங்கள் குளிர்காலத்தைத் தாங்களே அழகாக்கிக்கொண்டார்கள். அந்த அழகு எப்படி உருவாகிறது, அதற்கு இப்போது என்ன ஆபத்து?

சில்லை கலான் என்றால் என்ன?

‘சில்லா’ என்பது பாரசீகத்தில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘கலான்’ என்றால் பெரியது. சூஃபிகள் 40 நாட்கள் தனித்திருந்து செய்யும் தவத்துக்கும் ‘சில்லா’ என்றே பெயர். நம்மூரில் 48 நாட்களை ஒரு மண்டலம் என்று கணக்கு வைப்பதுபோல, அங்கே நாற்பது ஒரு முழுக் கணக்கு.

பெரியவர் போனதும் சின்னவர் வருவார். ஜனவரி 30 முதல் பிப்ரவரி 18 வரை 20 நாட்கள் ‘சில்லை குர்த்’, அதாவது சிறிய குளிர். பிப்ரவரி 19 முதல் 28 வரை 10 நாட்கள் ‘சில்லை பச்சா’, குட்டிக் குளிர். ஆக மொத்தம் 70 நாட்கள். ஒரு குடும்பத்தில் அண்ணன், தம்பி, கைக்குழந்தை என்பதுபோலக் குளிருக்கே வயது வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இந்த நாட்களில் பனி கொட்டும் இரவுதான் அதிகம் குளிரும் என்று நினைத்தால் தப்பு. மேகம் இல்லாமல் வானம் தெளிவாக இருக்கும் இரவில்தான் நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே போய்விடும். அன்றைக்குத்தான் குளிர் எலும்பைக் கடிக்கும். மேகம் மூடினால் அது ஒரு போர்வை மாதிரி. மத்திய தரைக்கடல் பக்கமிருந்து நகர்ந்து வரும் ‘மேற்கத்திய இடையூறு’ என்ற வானிலை அமைப்புதான் அந்த மேகத்தையும் பனியையும் கொண்டுவருகிறது.

கோடையிலேயே தொடங்கும் ஏற்பாடு

குளிர்காலம் டிசம்பரில் வந்தாலும், அதற்கான வேலை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் காஷ்மீர் கிராமங்களின் ஜன்னல்களையும் மாடங்களையும் பார்த்தால் புரியும். நீளநீளமாக நறுக்கிய சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி, டர்னிப், சிவப்பு மிளகாய் எல்லாம் நூலில் கோத்துத் தோரணம் போலத் தொங்கும். இந்த உலர்காய்களுக்குப் பொதுவாக ‘ஹோக் ஸ்யுன்’ என்று பெயர். நம் வீட்டுக் கத்தரி வத்தல், சுண்டை வத்தலுக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். மீனையும் இப்படி உலர்த்தி வைப்பதுண்டு.

இதற்குக் காரணம் ருசி இல்லை, பயம். பனி விழுந்தால் ஜம்மு - ஸ்ரீநகர் நெடுஞ்சாலை மூடிவிடும். லாரி வராது. காய்கறி வராது. எத்தனை நாளைக்கு என்றும் தெரியாது. எனவே அரிசி, பருப்பு, விறகு, கரி, உலர்காய் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வைத்தால்தான் பிழைப்பு.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. காஸிகுண்ட் - பனிஹால் இடையே சுமார் எட்டரை கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலை 2021-ல் திறக்கப்பட்டது. 2025 ஜூன் மாதம் ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலம் வழியாக ரயிலும் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டது. ஆனாலும் வீடுகளில் காய் உலர்த்துவது நிற்கவில்லை. தேவைக்காகத் தொடங்கிய பழக்கம், நாக்கு விடாததால் தொடர்கிறது. குளிர்காலத்தில் உலர்ந்த கத்தரிக்காயும் சுரைக்காயும் போட்டு வைக்கும் குழம்புக்குத் தனி மவுசு.

சினார் மரத்துக்கும் இந்த ஏற்பாட்டில் பங்கு உண்டு. இலையுதிர் காலத்தில் செம்பு நிறத்தில் கொட்டும் சினார் இலைகளைப் புகைப்படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. உள்ளூர்ப் பெண்கள் அவற்றைக் கூட்டிக் குவித்து எரித்து, தண்ணீர் தெளித்து அணைத்து, கரியாக்கி மூட்டை கட்டுகிறார்கள். அந்தக் கரிதான் குளிர்காலம் முழுக்கக் காங்ரிக்குள் கனன்றுகொண்டிருக்கும்.

காங்ரி: கையோடு எடுத்துப் போகும் அடுப்பு

காங்ரி என்பது உள்ளங்கை இரண்டுக்குள் அடங்கும் சின்ன மண்சட்டி. அதைச் சுற்றி பிரம்பு போன்ற வில்லோ மரக் குச்சிகளால் பின்னிய கூடை. சட்டிக்குள் சாம்பல் மூடிய கரித்தணல். தூக்கிச் செல்லக் கைப்பிடி, தணலைக் கிளறச் சின்னக் கரண்டி. அவ்வளவுதான் மொத்தக் கருவியும். ‘ஃபெரன்’ என்ற தொளதொள கம்பளி அங்கிக்குள் இதை வைத்துக்கொண்டு நடப்பார்கள், உட்காருவார்கள், கடையில் வியாபாரம் பார்ப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஃபெரனின் ஒரு கை தொங்கும். அந்தக் கை உள்ளே காங்ரியைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

சட்டியைச் செய்பவர் குயவர். கூடையைப் பின்னுபவர் வேறொருவர். குச்சிகளை வெட்டி, வேகவைத்து, தோலுரித்து, பிளந்து, சிலவற்றுக்குச் சாயமேற்றிப் பின்னுகிறார்கள். ஊருக்கு ஊர் பின்னல் மாறும். பந்திபோரா காங்ரி ஒரு விதம், சரார்-இ-ஷரீஃப் காங்ரி இன்னொரு விதம். வண்ணக் குச்சிகளும் பளபளக்கும் அலங்காரமுமாக இருக்கும் சரார் காங்ரியைப் புதுமணப் பெண்ணுக்கு முதல் குளிர்காலத்தில் பரிசாகக் கொடுப்பார்கள். காஷ்மீர் பண்டிதர்கள் நம் பொங்கலை ஒட்டி வரும் சங்கராந்தி நாளில், இறந்த முன்னோர் நினைவாகக் காங்ரியைத் தானம் செய்வது வழக்கம். போனவர்களுக்கும் குளிருமே என்ற நினைப்பு!

ஒரு மண்சட்டிக்கு எதற்கு இவ்வளவு அலங்காரம்? சூடு வேண்டும் என்றால் சாதாரணக் கூடையே போதும். ஆனால் 70 நாட்கள் ராத்திரி பகலாக மடியில் வைத்திருக்கப் போகும் பொருள் அது. தினமும் கண்ணில் படுகிற பொருள் கண்ணுக்கு நன்றாக இருக்கட்டும் என்று நினைத்த யாரோ ஒருவர் முதல் வண்ணக் குச்சியைச் செருகியிருக்க வேண்டும்.

ஊசியும் தறியும் தூரிகையும்

கைவினை என்பது ஸ்ரீநகரின் பழைய நகரப் பகுதியில் ஆண்டு முழுவதும் நடக்கும் தொழில். கிராமங்களில் கதை வேறு. நெல் அறுத்து, ஆப்பிள் பறித்து முடித்த குடும்பங்களுக்குக் குளிர்காலத்தில்தான் ஊசியையும் தறியையும் எடுக்க நேரம் கிடைக்கும்.

‘சோஸ்னி’ என்பது மெல்லிய ஊசியால் சால்வையில் செய்யும் எம்பிராய்டரி. துணியின் இழைகளில் ஒன்றிரண்டை மட்டும் தொட்டுத் தொட்டுத் தைப்பார்கள். ஒரு சால்வையை முழுவதும் நிரப்ப மாதக்கணக்கிலும், சில நேரம் வருடக்கணக்கிலும் ஆகும்.

‘கானி’ சால்வையில் ஊசிக்கு வேலை இல்லை. பூவும் இலையும் தறியிலேயே நெய்யப்படும். கானி என்பது வண்ண நூல் சுற்றிய சின்ன மரக்குச்சி. ஒரே வரிசையை நெய்ய டஜன் கணக்கில் குச்சிகள் வேண்டும். எந்த நிறம், எத்தனை இழை என்பது ‘தாலிம்’ என்ற குறியீட்டு எழுத்தில் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும். கம்பள நெசவிலும் இதே தாலிம்தான். ஒருவர் அதை உரக்கப் படிக்க, மற்றவர்கள் அந்த நிறத்தில் முடிச்சுப் போடுவார்கள். படம் எதுவும் முன்னால் இல்லாமல், வெறும் குறிகளைக் கேட்டே ஒரு தோட்டத்தை நெய்துவிடுவார்கள்.

நம் பட்டுப்புடவையில் ‘மாங்காய் டிசைன்’ என்று சொல்கிறோமே, அதன் நெருங்கிய உறவு காஷ்மீர் சால்வையிலும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் காஷ்மீர் சால்வைக்குப் பைத்தியம் பிடித்தபோது, ஸ்காட்லாந்தின் பைஸ்லி என்ற ஊரில் அதைப் பார்த்துத் தறியில் நகல் எடுத்தார்கள். அந்த வடிவத்துக்கு உலகம் வைத்த பெயர் காஷ்மீருடையது அல்ல. நகல் எடுத்த ஊரின் பெயரான ‘பைஸ்லி’.

பாஷ்மினாவைப் பொறுத்தவரை, மூலப்பொருளையே குளிர்தான் உற்பத்தி செய்கிறது. லடாக்கின் சாங்தாங் பகுதியில், 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் மேயும் ஆடுகள், கடுங்குளிரைத் தாங்கத் தடித்த ரோமத்துக்கு அடியில் மென்மையான உள்ரோமம் வளர்த்துக்கொள்கின்றன. வசந்தத்தில் அதைச் சீவி எடுக்கிறார்கள். ஓர் இழையின் தடிமன் 12 முதல் 16 மைக்ரான்தான். மனிதத் தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமன். இயந்திரத்தில் போட்டால் எளிதில் அறுந்துவிடும் இந்த இழையைக் காஷ்மீர் பெண்கள் வீட்டிலேயே ராட்டையில் நூற்கிறார்கள்.

காகிதக்கூழ் கலை இன்னொரு உலகம். பழைய காகிதத்தை நாள்கணக்கில் ஊறவைத்து, இடித்து, பசை சேர்த்து, அச்சின்மேல் பூசிக் காயவைப்பது ஒருவர் வேலை. அதன்மேல் பூ, பறவை, சினார் இலை வரைவது வேறொருவர் வேலை. 14-ம் நூற்றாண்டில் வந்த சூஃபி ஞானி மீர் சையத் அலி ஹம்தானி, 15-ம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் ஆகியோரின் பெயர்களோடு காஷ்மீரின் பல கைவினைகளைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். மத்திய ஆசியாவிலிருந்து வந்த கலைகள் இங்கே வேர்விட்ட காலம் அது. இன்று ஸ்ரீநகரின் முஸ்லிம் குடும்பங்கள் தீட்டும் காகிதக்கூழ்ப் பந்துகளும் மணிகளும் நட்சத்திரங்களும் ஐரோப்பா, அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் மரங்களில் தொங்குகின்றன.

2021-ல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் கைவினைக்காக ஸ்ரீநகர் சேர்ந்தது. 2024-ல் உலகக் கைவினை மன்றம் அதை ‘உலகக் கைவினை நகரம்’ என்று அறிவித்தது.

சமோவார் கொதிக்கும் மாலை, கதை கேட்கும் இரவு

குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் ஓர் அறைக்குள் ஒதுங்கிவிடும். எல்லா அறைகளையும் சூடாக்க முடியாது என்பதால் இது சிக்கனம். வசதியான வீடுகளில் ‘ஹமாம்’ இருக்கும்: கல் பாவிய தரை, அதற்கு அடியில் விறகு எரியும் வெற்றிடம். பாட்டியிலிருந்து பேரக்குழந்தை வரை எல்லாரும் அந்தத் தரையில்தான்.

நடுவில் சமோவார் என்ற செம்புப் பாத்திரம். அதன் மையக் குழாயில் தணல். சுற்றிலும் தேநீர் கொதிக்கும். குங்குமப்பூவும் ஏலக்காயும் பாதாமும் போட்ட காவா விருந்தாளிக்கு. வீட்டார் அன்றாடம் குடிப்பது ‘நூன் சாய்’, உப்புத் தேநீர். பச்சைத் தேயிலையை ஆப்பசோடாவோடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் சாறு சிவந்துவிடும். பால் சேர்த்ததும் ரோஜா நிறத்துக்கு மாறும். டீயில் உப்பா என்று முகம் சுளிப்பவர்கள், அந்த நிறத்தைப் பார்த்ததும் ஒரு வாய் குடித்துப் பார்க்கலாமே என்று நினைப்பார்கள்.

விடிகாலையில் ஹரீசா. ஆட்டிறைச்சியும் அரிசியும் சோம்பும் பட்டையும் ராத்திரி முழுக்கப் பெரிய மண்பானையில் வெந்து, மரத்தடியால் குழைத்து மசிக்கப்படும். மேலே கொதிக்கும் எண்ணெயை ஊற்றி, சூடான ரொட்டியோடு தருவார்கள். ஸ்ரீநகர் பழைய நகரக் கடைகளில் இது குளிர்கால மாதங்களில் மட்டுமே. இருட்டு விலகும் முன்பே ஃபெரனும் காங்ரியுமாக ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இரவில் கதைகள். ஹீமால் என்ற இளவரசியும் நாகராயன் என்ற நாக இளவரசனும் காதலித்த கதையைத் தெரியாத காஷ்மீர் பாட்டி இருக்க மாட்டார். இந்தக் கதைமரபு எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஆய்வாளர் ஆரெல் ஸ்டைன், சிந்து நாலா பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஹாத்திம் என்பவரிடம் 1896-ல் கதைகளும் பாடல்களும் கேட்டு எழுதிக்கொண்டார். ஹாத்திம் எழுதப் படிக்கத் தெரியாத எண்ணெய்ச் செக்கு உழைப்பாளி. 1912-ல் ஸ்டைன் மறுபடி கேட்டபோது, ஹாத்திம் ஏறக்குறைய அதே சொற்களில் அப்படியே திருப்பிச் சொன்னார். இந்திய மொழிகளைக் கணக்கெடுத்த கிரியர்சனும் சேர்ந்து உழைத்து, அவை 1923-ல் நூலாக வந்தன. ஹாத்திமின் பெயரே நூலின் தலைப்பிலும் இடம்பெற்றது.

முதல் பனி விழுந்தால்…

வெளியே போகவே மாட்டார்களா? போவார்கள், அதுவும் ஓடிப்போய். முதல் பனி விழுந்த அன்று வாழ்த்துச் சொல்லிக்கொள்வது காஷ்மீரில் வழக்கம். பழைய விளையாட்டு ஒன்றும் உண்டு. கொஞ்சம் பனியைப் பொட்டலமாக மடித்து, ஏதோ பொருள் தருவதுபோல நண்பரிடமோ உறவினரிடமோ கொடுத்துவிட வேண்டும். ஏமாந்து வாங்கியவர் விருந்து வைத்தே ஆக வேண்டும்.

பிள்ளைகளுக்கு ‘ஷீன் ஜங்’, அதாவது பனிச் சண்டை. பனியைக் கூப்பிட அவர்களுக்கென்று ஒரு பாட்டும் இருக்கிறது. பனியே விழு என்று கேட்கும் அதே மூச்சில் மாமாவையும் வீட்டுக்கு வரச்சொல்லும் பாட்டு அது. தாய்மாமன் வந்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம் என்பது காஷ்மீரிலும் அப்படித்தான்! இப்போது இளைஞர்கள் பனியில் கார், விலங்கு, மனித உருவம் என்று சிற்பம் செய்து ரீல்ஸ் போடுகிறார்கள். உருகிப் போவதற்குள் ஊரே பார்த்துவிடுகிறது.

ஏரிகளில் வேறு விருந்தாளிகள். சைபீரியா, மத்திய ஆசியா பக்கம் எல்லாம் உறைந்துவிடுவதால் லட்சக்கணக்கான வாத்துகளும் தாராக்களும் ஹோகர்சர், வூலர், ஹைகாம், ஷாலபுக் ஈரநிலங்களுக்கு வந்து சேரும். நமக்கு உறைபனியாகத் தெரியும் காஷ்மீர், அந்தப் பறவைகளுக்குக் கதகதப்பான தென்திசை.

இந்த அழகுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

படிக்கும்போது இதமாக இருக்கும் இந்தக் காட்சிகளுக்கு இன்னொரு பக்கம் உண்டு.

காங்ரியையே எடுத்துக்கொள்வோம். வயிற்றோடும் தொடையோடும் ஆண்டுக்கணக்கில் அணைத்து வைத்திருப்பதால் தோல் வெந்து, சிலருக்குப் புற்றுநோயாகவே மாறுகிறது. ‘காங்ரி புற்றுநோய்’ என்றே மருத்துவ நூல்களில் அதற்குப் பெயர். காஷ்மீரில் பணியாற்றிய எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866-லேயே இதைப் பதிவு செய்தார். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. இப்படித் தூக்கத்திலேயே மூச்சு அடங்கியவர்களின் செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள், தூங்கும் முன் தணலை வெளியே எடுத்து வையுங்கள் என்று அதிகாரிகள் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறார்கள்.

சால்வையின் கதை இன்னும் பழையது. ஐரோப்பிய அரண்மனைகள் காஷ்மீர் சால்வைக்குப் பணத்தை வாரி இறைத்த நாட்களில், நெசவாளர்கள் கடுமையான வரியால் நசுங்கிக் கிடந்தார்கள். 1865 ஏப்ரல் 29 அன்று ஸ்ரீநகரில் அவர்கள் ஊர்வலம் போனபோது படைவீரர்கள் தாக்கினர், பலர் உயிரிழந்தனர். பிறகு 1870-71 பிரெஞ்சு - பிரஷ்யப் போரில் பிரான்ஸ் சந்தையும் சரிந்து, தறிகள் நின்றன.

இன்றைக்கும் விலைக்கும் கூலிக்கும் இடையே பெரிய பள்ளம். பாஷ்மினா நூற்கும் பெண்களுக்குப் பத்து இழை கொண்ட ஒரு முடிச்சுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் என்ற கூலியே நெடுங்காலம் நீடித்தது. நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் சோஸ்னி கலைஞர்களுக்குக் கண்ணும் முதுகும் சீக்கிரமே போய்விடுகின்றன. விசைத்தறியும் நூற்பு இயந்திரமும் வந்தபிறகு, கைவேலை என்ற பெயரில் மலிவான நகல்கள் சந்தையில் குவிகின்றன. அப்பா செய்த வேலையை மகன் ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பதில் இல்லை. பிள்ளைகள் டிரைவராகவும் சேல்ஸ்மேனாகவும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குளிர்கால இரவை ஓட்ட இப்போது கைபேசி இருக்கிறது. குடும்பத்தை ஓட்டத்தான் வருமானம் வேண்டும்.

பனியே வராவிட்டால்?

இன்னொரு கவலை தலைக்கு மேலே இருக்கிறது. 2024 ஜனவரியில் சில்லை கலானின் பெரும்பகுதி பனியே இல்லாமல் கழிந்தது. குல்மார்க் சறுக்குச் சரிவுகள் காய்ந்த புல்லோடு பழுப்பாகக் கிடந்த படங்கள் நாடு முழுக்கப் பரவின. ஹோட்டல் முன்பதிவுகள் ரத்தாயின. பனி கேட்டு மக்கள் கூட்டுத் தொழுகை நடத்தினார்கள். மாதக் கடைசியில்தான் வானம் கண் திறந்தது. அடுத்த ஆண்டும் குளிர்காலம் வறண்டு, 2025 பிப்ரவரியில் அனந்த்நாக் மாவட்டத்தின் புகழ்பெற்ற அச்சபல் ஊற்று வற்றிப்போனது.

சில்லை கலானில் விழும் பனிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. கடுங்குளிரில் அது உடனே உருகாது. மலையில் இறுகிப் படிந்து, பனியாறுகளுக்கு ஊட்டமாகி, கோடையில் மெல்ல மெல்ல உருகி ஜீலம் நதிக்கும் ஊற்றுகளுக்கும் வந்து சேரும். மார்ச்சில் எவ்வளவு கொட்டினாலும் சீக்கிரம் ஓடிவிடும். நெல் வயலும் ஆப்பிள் தோட்டமும் நம்பியிருப்பது ஜனவரிப் பனியைத்தான். ஆப்பிள் மரத்துக்கும் பூப்பதற்கு முன்பு போதுமான குளிர் உறக்கம் தேவை. எல்லாரும் புலம்பும் அந்த 40 நாட்கள் சரியாகக் குளிராவிட்டால், மீதி ஆண்டு முழுவதும் திண்டாட்டம்.

வாங்குபவர்கள் என்ன செய்யலாம்?

குளிர்காலத்தில் சால்வை மூட்டையோடு சமவெளிக்கு இறங்கி வியாபாரம் செய்வது காஷ்மீரிகளின் பழைய வழக்கம். மாமல்லபுரம், கொடைக்கானல் போன்ற தமிழ்நாட்டுச் சுற்றுலா ஊர்களிலும் காஷ்மீர் கைவினைக் கடைகளைப் பார்க்கலாம். அங்கே சால்வை வாங்குகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கலாம்.

காஷ்மீர் பாஷ்மினா, கானி, சோஸ்னி, காகிதக்கூழ் ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. சோதித்துச் சான்றளிக்கப்பட்ட பொருளில் அதற்கான முத்திரை இருக்கும். மோதிரத்துக்குள் நுழைந்தால் அசல் பாஷ்மினா என்பது நம்பத்தக்க சோதனை இல்லை. மெல்லிய செயற்கைத் துணியும் நுழையும். சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது கையால் நூற்று நெய்த பாஷ்மினாவாக இருக்க வழியில்லை. கைத்தையலைத் திருப்பிப் பார்த்தால் இழைகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது. இயந்திர வேலையில் அச்சடித்த மாதிரி இருக்கும். பேரம் பேசும்போது, அந்தத் துணியில் ஒருவருடைய எத்தனை மாதங்கள் இருக்கின்றன என்று கேட்பது நல்லது.

பிப்ரவரி முடிந்து குட்டிக் குளிரும் விடைபெற்றால், மார்ச் மாதம் ஸ்ரீநகரின் பாதாம்வாரித் தோட்டத்தில் பாதாம் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துவிடும். காங்ரி பரணுக்குப் போகும். ஆட்கள் வயலுக்கும் தோட்டத்துக்கும் திரும்புவார்கள். பாதி தைத்த சால்வையைக் கிராமத்து வீடுகளில் மடித்து வைப்பார்கள். அடுத்த டிசம்பர் 21 அன்று யாராவது அதை மறுபடி விரித்து விட்ட இடத்திலிருந்து தைப்பார்களா என்பது, இந்த ஆண்டு முடித்துக் கொடுத்த சால்வைக்கு அவர்கள் கையில் எவ்வளவு வந்தது என்பதைப் பொறுத்தது.